கருடசேவைக்கு ஒரு சர்வர்

எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இரவு முழுக்க நடக்கும். குடத்தைத் தட்டித் தொடங்கினால் சாமி பிறந்த கதை, வரம் வாங்கிய கதை, இந்த ஊருக்கு வந்து நிலைகொண்ட கதை என்று பாடிப் பாடி, சாமியாடி இறங்கி, தீபாராதனை ஆகும்போது கிழக்கு வெளுத்திருக்கும். 2008-இல் யூட்யூபில் ஒரு வீடியோவுக்கு அனுமதித்த நீளம் பத்து நிமிடம். 2006 மார்ச்சில் கொண்டுவந்த அந்த வரம்பு 2010 ஜூலையில்தான் பதினைந்து நிமிடமாக உயர்ந்தது. ஏழு மணி நேரக் கதையை அதில் ஏற்ற வேண்டுமென்றால் நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வெட்ட வேண்டும். மும்பை தாராவியில் உட்கார்ந்து சொந்த ஊர்க் கொடையைப் பார்க்க ஆசைப்படுகிற ஒருவர், ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அடுத்த துண்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்ரீவைகுண்டத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு வீடியோ தளம் தொடங்கியது இதற்காகத்தான். கல்யாணத்துக்கும் கொடைக்கும் படம் பிடிக்கிற ஸ்டூடியோ அண்ணாச்சி ஒருவர். சென்னையில் மென்பொருள் வேலையிலிருந்த என் அத்தான் ஒருவர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்த நான் மூன்றாவது ஆள். ஸ்ரீவைகுண்டம், கருங்குளம், ஏரல், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் ஊர் ஊருக்கு ஒரு பக்கம். ஊர்ப் பேரைத் தட்டினால் அந்த ஊரின் கொடை, தேர், தெப்பம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து எல்லாம் வர வேண்டும். யாரும் தங்களிடம் இருக்கிற வீடியோவையும் ஏற்றலாம். சென்னையில் மளிகைக்கடை வைத்திருப்பவர்கள், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள், மும்பையில் இரண்டு தலைமுறையாக இருப்பவர்கள்தான் எங்கள் பார்வையாளர்கள்.

தளத்தை எழுதுவது அத்தானுக்குப் பெரிய வேலையாக இல்லை. அதை எங்கே குடிவைப்பது என்பதுதான் பல வருஷம் எங்களை யோசிக்க வைத்தது. இன்று நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு வீடியோ தளமோ செயலியோ தொடங்கும்போது முதலில் முட்டி நிற்கிற இடமும் அதுவே. அதனால் நாங்கள் கடந்து வந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் பக்கத்துக் கணக்கு. அண்ணாச்சி படம் பிடித்தது மினி-டிவி (MiniDV) கேசட்டில். ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் இறக்கினால் 13 ஜிபி வரும். பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்று பிராட்பேண்டைக் கொண்டுவந்திருந்தது. எங்கள் இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் 256 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் 13 ஜிபியை ஏற்ற நாலரை நாளுக்கு மேலாகும், அதுவும் மின்சாரம் போகாமல் இருந்தால். ஆகவே ஏற்றிய பிறகு வீடியோவைச் சுருக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்டூடியோவிலேயே எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் போட்டு, 320-க்கு 240 அளவில், ஒலியும் படமும் சேர்த்து வினாடிக்கு 360 கிலோபிட் வருகிற மாதிரி ஃபிளாஷ் வீடியோவாகச் சுருக்கினோம். ஒரு மணி நேரம் 162 எம்பிக்கு வந்தது. அன்றைய ஐந்நூறு ரூபாய்த் திட்டத்தில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எவ்வளவு அனுப்பினாலும் கணக்கில்லை. அந்த ஆறு மணி நேரத்தில் சுமார் நாலு மணி நேர வீடியோ ஏறும். ஒரு முழு வில்லுப்பாட்டுக்கு இரண்டு இரவு. மின்வெட்டில் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதி சர்வர் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் ஹோஸ்டிங் விற்பவர்களிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி.

அந்த நாளில் ஹோஸ்டிங் என்றாலே ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். வட்டில் இடமும் அன்லிமிடெட், பேண்ட்விட்தும் அன்லிமிடெட், மாதத்துக்குச் சில டாலர் என்று விளம்பரம் வரும். கடைக்கும் பள்ளிக்கும் தளம் போடுகிறவர்களுக்கு அது போதும். வீடியோவுக்குப் பொருந்தாது. ஒரு கடையின் பக்கத்தைத் திறந்தால் சில நூறு கேபி போகும், இரண்டு வினாடியில் வேலை முடியும். ஒருவர் ஒரு மணி நேர வீடியோவைத் திறந்தால் அந்த ஒரு மணி நேரமும் சர்வரோடு ஓர் இணைப்பு இருந்துகொண்டே இருக்கும். நூறு பேர் திறந்தால் நூறு இணைப்பு. வட்டுக்கும் வரம்பில்லை, பேண்ட்விட்துக்கும் வரம்பில்லை. ஆனால் செயலி நேரத்துக்கும், ஒரே நேர இணைப்புகளுக்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் உள்ளே எங்கோ ஒரு பத்தியில் அது எழுதியிருக்கும்.

அந்தப் பத்தி வைகாசியில் எங்கள் முன்னால் வந்து நின்றது. வைகாசி பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருடசேவை. ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, இரட்டைத் திருப்பதி, பெருங்குளம், தென்திருப்பேரை, திருக்கோளூர் என்று நவதிருப்பதிப் பெருமாள்கள் எல்லோரும் அங்கே எழுந்தருளி, ஒன்பது கருட வாகனங்களில் ஒருசேரக் காட்சி தருவார்கள். நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் வருவார். அந்த இரவுக்காக ஊர் திரும்புகிறவர்கள் எவ்வளவோ பேர். வர முடியாதவர்கள் மறுநாள் எங்கள் தளத்துக்கு வந்தார்கள். காலையில் மும்பை, பகலில் சென்னை, சாயங்காலம் துபாய் என்று கூட்டம் ஏறிக்கொண்டே போக, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி மட்டும் தளத்தில் நின்றது. ஸ்டூடியோவுக்குப் போன் மேல் போன். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "என்ன தம்பி, மத்த நாளெல்லாம் விட்டுட்டு இன்னைக்குப் போயி நிப்பாட்டிட்டானுவளே!" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மற்ற நாளில் தளம் படுத்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கூட்டம் வருகிற நாளுக்காகத்தான் தளமே இருக்கிறது.

அடுத்து டெடிகேட்டட் சர்வர். ஒரு முழுக் கணினி, நமக்கே நமக்கு, மாதம் நூறு டாலர் சுமாருக்கு அமெரிக்காவில் கிடைத்தது. அதில் நூறு எம்பிபிஎஸ் இணைப்பு. வினாடிக்கு 360 கிலோபிட் வீதம் வகுத்துப் பார்த்தால் ஒரே நேரத்தில் 277 பேர், அதுவும் காகிதத்தில். நடைமுறையில் இன்னும் குறைவு. கருடசேவைக்கு மறுநாள் அது போதாது. ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பத்துப் பேர்கூடப் பார்ப்பதில்லை, ஆனால் வாடகை அதேதான். பெரிய சர்வராக எடுத்தால் வருஷம் முழுக்கக் காலி இடத்துக்குப் பணம் கட்ட வேண்டும். சின்னதாக எடுத்தால் திருவிழா அன்று நிற்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் ஊர் அணைக்கட்டு நினைவுக்கு வந்தது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் 1870-களில் எழுந்தது. பார்க்கிறவர்கள் அங்கே தண்ணீர் தேங்கி நிற்பதாக நினைப்பார்கள். உண்மையில் அதன் வேலை தேக்குவதைவிடத் திருப்பிவிடுவதுதான். வடகாலிலும் தென்காலிலும் திரும்பிப் போகிற தண்ணீர் 53 குளங்களை நிரப்புகிறது. அந்தக் குளங்களின் மடைகளிலிருந்து 25,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. பெருங்குளத்து வயலுக்குத் தினமும் பாபநாசத்திலிருந்து தண்ணீர் வர வேண்டியதில்லை. குளம் ஒருமுறை பெருகினால் போதும், பக்கத்து மடையைத் திறந்து பாய்ச்சிக்கொள்ளலாம். தென்காலில் பயிர் வைத்திருந்த என் பெரியப்பா சொல்வார்: "ஆத்தப் பாத்துப் பயிர் வைக்காதே, குளத்தப் பாத்து வையி." வீடியோவும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. மூலம் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கட்டும். பார்க்கிறவருக்குப் பக்கத்தில் பிரதிகள் நிறைந்து நிற்கட்டும். நடுவில் இருக்கும் சர்வர் தேக்குகிற வேலையை விட்டு, யாரை எங்கே அனுப்புவது என்று திருப்பிவிடுகிற வேலையை மட்டும் பார்க்கட்டும்.

அத்தானிடம் சொன்னேன். அவர் அதே யோசனையை வேறு வழியாக எட்டியிருந்தார். 2007 ஜூனில் சியாட்டிலில் நடந்த ஒரு கருத்தரங்கில் யூட்யூப் பொறியாளர் குவாங் டோ தங்கள் தளம் வளர்ந்த விதத்தை விளக்கியிருந்தார். அந்தப் பேச்சை அத்தான் ஊன்றிக் கேட்டிருந்தார். 2005-இல் தொடங்கி, 2006 ஜூலையில் நாளுக்குப் பத்துக் கோடி முறை வீடியோ பார்க்கப்படுகிற அளவுக்குப் போன தளம் அது. அதில் இரண்டு செய்திகள் எங்களை அப்படியே தொட்டன. அதிகம் பேர் பார்க்கிற வீடியோக்களை அவர்கள் சிடிஎன் என்கிற விநியோக வலையமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்; ஒரு நாளைக்கு ஒருவர் இருவர் பார்க்கிற, ஆனால் எண்ணிக்கையில் கணக்கற்றிருக்கிற வீடியோக்களைத் தங்கள் சொந்த சர்வர்களிலிருந்து கொடுத்தார்கள். இரண்டாவது, அவர்களைத் திணறடித்தவற்றில் வீடியோவுக்குச் சமமாக, ஒவ்வொரு வீடியோவுக்கும் முகப்பாக வைக்கிற சின்னப் படங்களும் இருந்தன. ஒரு பக்கத்தில் இருபது முப்பது சின்னப் படம் இருந்தால், ஒருவர் பக்கத்தைத் திறந்ததுமே வட்டு இருபது முப்பது இடத்துக்கு ஓட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கங்களும் அப்படித்தான் இருந்தன. படங்களைத் தனியே பிரித்து வைத்ததுமே தளம் மூச்சுவிட்டது.

அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியிருந்தது. தொடக்க விலை, வைத்திருக்க ஜிபிக்கு மாதம் 15 சென்ட்; வெளியே அனுப்ப ஜிபிக்கு 20 சென்ட். இந்த இரண்டு எண்ணையும் வைத்து ஒரு சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் கணக்குப் போட்டோம். முந்நூறு மணி நேர வீடியோ ஐம்பது ஜிபிக்குள் அடங்கும். வைத்திருக்க மாதம் ஏழரை டாலர். ஒரே ஒரு மணி நேர வீடியோவை ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 162 ஜிபி. அனுப்ப 32 டாலர். முந்நூறு மணி நேரத்தைப் பாதுகாப்பதைவிட ஒரு மணி நேரத்தை ஆயிரம் பேருக்குக் காட்டுவது நாலு மடங்குக்கு மேல் செலவு. வீடியோ தளத்தின் பொருளாதாரம் முழுக்க அந்தக் காகிதத்தில் இருந்தது. இடம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் அன்றுமுதல் ஒரு பார்வைக்கு எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினோம்.

அந்த விலையில் இன்னொரு நல்லது இருந்தது. யாரும் பார்க்காத நாளில் அனுப்பும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆடிச் செவ்வாய்க்குச் சில சென்ட், கருடசேவைக்கு மறுநாளுக்குப் பல டாலர். எல்லோரும் பெருகுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்களுடையது போன்ற தளத்துக்குச் சுருங்கத் தெரிந்த இடம்தான் உயிர். வருஷத்தில் சில நாள் பத்து மடங்காகி, மறுநாளே பழைய அளவுக்குத் திரும்புகிற தளம் எங்களுடையது. சுருங்கும்போது செலவும் கூடவே சுருங்காவிட்டால், பெருகிய நாளின் மகிழ்ச்சியை வெறும் நாள்கள் தின்றுவிடும்.

ஆக, பக்கங்களுக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் ஒரு சின்ன விபிஎஸ், அதாவது ஒரு பெரிய கணினியில் நமக்கென்று பிரித்துத் தரும் ஒரு பங்கு. வீடியோ முழுக்க எஸ்3-இல். சுருக்குகிற வேலை ஸ்டூடியோக் கணினியில் என்று மூன்றாகப் பிரித்தோம். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். சுருக்க வேண்டிய வீடியோக்கள் வரிசையில் நிற்கும். மின்சாரம் வந்ததும் கணினி விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். 2012-இல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்திலும் தளம் நிற்கவில்லை. புது வீடியோ வரத் தாமதமாகும், அவ்வளவுதான்.

தூரம் என்ற ஒன்று மிச்சமிருந்தது. அமெரிக்காவுக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப எங்கள் ஊரிலிருந்து கால் வினாடிக்கு மேலாகும். 2008 ஜனவரி 30-ஆம் தேதி அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுக்க இணையம் தளர்ந்தது. பிரவுசிங் சென்டரில் ஒரு மின்னஞ்சல் திறக்கக் காத்திருந்தவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் மாவட்டத் தலைநகரான தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய கல்கிசைக்கு 2006-லேயே கடலடிக் கேபிள் போட்டாகிவிட்டது. ஆனாலும் ஸ்ரீவைகுண்டத்து வீடியோவைக் கொழும்பில் ஒருவர் பார்க்க, அது அமெரிக்காவிலிருந்துதான் புறப்பட வேண்டியிருந்தது. சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் வண்டி கிளம்பும். அமேசானின் சிடிஎன் 2008 நவம்பரில் வந்தது. 2010-இல் சிங்கப்பூரில் அவர்களுடைய தரவு மையம் திறந்ததும் எங்கள் மூலப் பிரதிகளை அங்கே மாற்றினோம். 2013-இல் சிடிஎன்னின் முனைகள் சென்னைக்கும் மும்பைக்கும் வந்தன. 2016 ஜூனில் மும்பையிலேயே தரவு மையம். ஒவ்வொரு முறை அது நெருங்கும்போதும், வீடியோவைத் தட்டியதிலிருந்து அது ஓடத் தொடங்குகிற நேரம் குறைந்தது. தாராவியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "இப்ப சுத்தாம வருது தம்பி" என்றார். எத்தனை அளவுகோல் இருந்தாலும் அதைவிடச் சரியான அளவீடு எனக்குக் கிடைத்ததில்லை.

இவ்வளவு தடவை இடம் மாற முடிந்ததற்குக் காரணம் அத்தான் தொடக்கத்திலேயே வைத்த ஒரு ஒழுங்கு. வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரியைப் பக்கங்களுக்குள் எங்கும் எழுதக் கூடாது. தரவுத்தளத்தில் ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். தளத்தின் பெயர் எங்கள் கையில் பதிவாகியிருக்க வேண்டும். கோப்புகள் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது வடிவத்தில் இருக்க வேண்டும். வாடகைக்கு வரும் நாளிலேயே காலி செய்யும் செலவையும் எழுதிவைப்பார் அவர். இரண்டு டிபி சேர்ந்த பிறகு வெளியேற வேண்டுமென்றால், ஜிபிக்குப் பத்து சென்ட் வீதம் இருநூறு டாலர் வேண்டும். இன்று சில நிறுவனங்கள் வெளியே அனுப்பக் கட்டணமே இல்லை என்று வந்திருக்கின்றன. கிளவுட்ஃபிளேரின் ஆர்2 அப்படித்தான் 2022-இல் எல்லோருக்கும் திறந்தது. காலி செய்யும் செலவைக் கேட்கிற பழக்கம் அவர்களிடம் போகும்போதும் வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொடை வீடியோவுக்கு யாரிடமும் வாங்கவில்லை. அண்ணாச்சியின் கல்யாண வேலைதான் தளத்தைத் தாங்கியது. சவூதியில் விடுப்புக் கிடைக்காத தம்பி அக்கா கல்யாணத்தை நேரலையில் பார்க்க வேண்டும் என்றால், அதற்கு ஒரு தொகை. எத்தனை பேர் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம் என்று முன்பே தெரிவதால் அதன் செலவை ரூபாய் கணக்கில் சொல்லிவிட முடிந்தது. ஒரு பார்வைக்கு எவ்வளவு என்ற அந்தப் பழைய காகிதம் இங்கேதான் சோறு போட்டது. விளம்பரத்தை நம்பித் தொடங்குகிறவர்களுக்கும் அதே கணக்குத்தான்: ஆயிரம் பார்வைக்கு வருகிற விளம்பரப் பணம், ஆயிரம் பார்வையை அனுப்புகிற செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டம் கூடக் கூட நஷ்டம் கூடும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு பார்வையாளர்கள் மாறினார்கள். அதுவரை வெளியூர்க்காரர்கள் ஊரைப் பார்த்தார்கள். இப்போது ஊர்க்காரர்களே கைப்பேசியில் பார்த்தார்கள், ஏற்றவும் தொடங்கினார்கள். 320-க்கு 240 யாருக்கும் பிடிக்கவில்லை. 720பி வீடியோவை வினாடிக்கு 2 மெகாபிட்டில் வைத்தால் ஒரு மணி நேரம் 900 எம்பி. எங்கள் பழைய கோப்பைப்போல் ஐந்தரை மடங்கு. ஃபிளாஷ் போய், எச்எல்எஸ் முறை வந்தது. வீடியோவைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி, மூன்று நாலு தரத்தில் வைத்திருப்பார்கள். பார்க்கிறவரின் சிக்னல் குறைந்தால் அடுத்த துண்டு சின்னத் தரத்தில் வரும். படம் மங்கும், ஆனால் நிற்காது. ஒரு வீடியோ நாலு பிரதியாகும்போது இடமும் கூடும், சுருக்கும் வேலையும் கூடும். ஸ்டூடியோக் கணினியால் முடியாத நாளில் மட்டும் மேகத்தில் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, வரிசை தீர்ந்ததும் விட்டுவிட்டோம். சுருங்கத் தெரிய வேண்டும் என்று முன்பே சொன்னேனே, அது சர்வருக்கு மட்டுமல்ல, நாம் வேலையைப் பிரிக்கிற விதத்துக்கும் பொருந்தும்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் எண்ணூறு பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பாதை அரித்துப் போய், சாலைகளும் துண்டிக்கப்பட்டு, அவர்களை மீட்டுக் கொண்டுபோக இரண்டு நாளாயிற்று. மின்சாரமில்லை, போனில்லை. ஸ்டூடியோவில் இடுப்பளவு தண்ணீர். அலமாரியின் கீழ்த் தட்டுகளில் அடுக்கியிருந்த கேசட்டுகளும் இரண்டு ஹார்டு டிஸ்குகளும் சேற்றில் கிடந்தன. தண்ணீர் வடிந்து அண்ணாச்சி அதைப் பார்த்து நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு சிக்னல் வந்ததும் கைப்பேசியில் தளத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன். பதினைந்து வருஷத்துக் கருடசேவை அங்கே இருந்தது. பாட்டுக்காரர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் பாடிய இரவுகள் இருந்தன. ஊர் முழுக்க இருட்டில் இருந்த அந்த நாள்களிலும் மும்பையிலும் துபாயிலும் இருந்தவர்கள் ஊர்ப் பக்கங்களைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த பிறகு ஊர்க்காரர்கள் எடுத்த வீடியோக்கள் ஒரே மூச்சில் வந்து குவிந்தன. வரிசை நீண்டது, ஆனால் உடையவில்லை. சர்வர் நம் ஊரில் இருக்க வேண்டும் என்று சிலர் பெருமைக்காகச் சொல்வார்கள். பிரதிகள் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் ஒன்றாவது நம் ஆறு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கேள்விதான் என்பதை இந்த வருஷங்களில் பார்த்துவிட்டேன். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். கூட்டம் வந்த பிறகு சர்வரைக் கூட்டினால் நேரம் போதாது என்பதால், வருவதற்கு முன்பே ஏற்றிவைப்பதையும், நெருக்கடியில் பரிந்துரை போன்ற உபரி வேலைகளை அணைத்துவிட்டு வீடியோவை மட்டும் காப்பாற்றுவதையும் அவர்களின் பொறியாளர்கள் வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார்கள். 2020 ஜூன் 29-இல் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அந்தக் கூட்டத்தை வாங்கிக்கொள்ள இந்தியச் செயலிகளுக்குக் கிடைத்தது சில நாள்களே. எங்கள் பக்கத்துத் தென்காசியில், மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோகோவின் அரட்டை செயலிக்கு 2025 செப்டம்பர் இறுதியில் நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் வரத் தொடங்கினார்கள். அவசரமாகக் கணினிகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சோகோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அப்போது சொன்னார். சொந்தத் தரவு மையம் வைத்திருப்பவர்களுக்கும் கூட்டம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. திருவிழாத் தேதி பஞ்சாங்கத்தில் இருப்பது எங்களுக்குக் கிடைத்த கொடுப்பினை. கருடசேவைக்கு முந்தின நாளே வீடியோப் பக்கங்களை எளிதாக்கி, சிடிஎன்னைத் தயாராக்கி வைத்துவிடுவோம்.

இப்போது தளம் தொடங்க வருகிற பிள்ளைகள் எந்த நிறுவனம் நல்லது அண்ணே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நிறுவனங்களின் பெயர் மாறும், விலை மாறும். நான் அவர்களைத் திரும்பக் கேட்பது வேறு. உங்கள் கருடசேவை என்றைக்கு? அன்றைக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள், வினாடிக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும்? ஒரு பார்வைக்கு என்ன செலவு, அது எங்கிருந்து வரும்? யாரும் வராத நாளில் கட்டணம் எவ்வளவுக்கு இறங்கும்? பார்க்கிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், பிரதி அவர்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? மூலக் கோப்பு இரண்டு வெவ்வேறு இடத்தில் இருக்கிறதா? நாளைக்கே காலி செய்ய வேண்டுமென்றால் எத்தனை நாள், எவ்வளவு பணம்?

இவற்றுக்குப் பதில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் மிகச் சின்ன விபிஎஸ்ஸில் தொடங்கினாலும் பயமில்லை. கூட்டம் வரும்போது எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்று தெரியும். பதில் இல்லாமல் மிகப் பெரிய இடத்தை எடுத்தாலும் முதல் திருவிழாவைத் தாண்ட முடியாது. எங்கள் ஊர்களில் இன்னும் படம் பிடிக்காத கொடைகள் இருக்கின்றன, பாடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த வேலைக்கு ஒரு தளம் தொடங்க ஆசை இருக்கிறவர்கள் நல்ல சர்வருக்காகக் காத்திருக்க வேண்டாம். மாற்றக்கூடிய விதத்தில் இன்றைக்கே தொடங்குங்கள்.